கலியாண எழுத்தும் பஞ்சலிங்கத்தின் குடலிறக்கமும்

சண்டிலிப்பாய்ப் பஞ்சலிங்கத்துக்குக் குடல் இறங்கத் தொடங்கி நாலைந்து வருடம் இருக்கும். முதலில் அது வலப்பக்கத்து அடிவயிற்றில் ஒரு தேசிக்காய் அளவில் தெரிந்தது. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். தானாகப் போகிற வருத்தத்துக்கு எதற்கு வைத்தியம் என்று அவர் இருந்துவிட்டார். பிறகு அது மாதுளங்காய் அளவுக்கு வந்தது. படுத்தாலும் போகவில்லை, கையால் தள்ளிவிட வேண்டியிருந்தது. அவர் தள்ளிவிட்டார். வெங்காயப் பாத்திக்குள் நிற்கும்போது இடுப்பில் உடுத்த சாரத்துக்கு மேலால் ஒரு கையை அங்கே அழுத்திக்கொண்டு மற்றக் கையால் வேலை செய்யப் பழகிக்கொண்டார். ஊரில் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அது இருந்த இடம் அப்படி.

மனைவி அருந்ததிதான் பிடிவாதமாக நின்று அவரை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். விடியக் காலமை போய் வரிசையில் இருந்து மத்தியானம் போல உள்ளே போனார்கள். பெரிய டொக்டர் நிமிர்ந்து பார்க்காமலே, "படு. இருமு," என்றார். பஞ்சலிங்கம் இருமத் தொடங்குவதற்குள் "சரி, எழும்பு," என்றார். "பாரம் தூக்கக் கூடாது. ஒப்பிரேசனுக்குத் திகதி தருவினம்."

தந்தார்கள். அது அடுத்த வருடம் வைகாசியில் இருந்தது. வெளியே வாங்குப் பலகையில் வரிசையாக இருந்தவர்களைப் பஞ்சலிங்கம் ஒருமுறை பார்த்தார். இவ்வளவு பேருக்கும் குடல் தன்னிலும் பார்க்கக் கூட இறங்கியிருக்கவேண்டும் என்று எடுத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை. பாரம் தூக்கவேண்டாம் என்றது மட்டும்தான் விளங்கவில்லை. தோட்டக்காரன் பாரம் தூக்காமல் வேறு என்ன செய்வது?

இந்த இடத்தில்தான் மகள் நிரோஜாவின் காப்புறுதி வந்தது. நிரோஜா ரவுணில் ஒரு வங்கியில் வேலை. அங்கே வேலை செய்பவர்களுக்கு வங்கியே மருத்துவக் காப்புறுதி எடுத்துக் கொடுக்கும். கலியாணம் கட்டாதவர்கள் என்றால் தாய் தகப்பனும் அதற்குள் அடக்கம். கட்டினால் அவர்களின் பெயரை வெட்டிவிட்டுப் புருசனையும் பிள்ளைகளையும் போடுவார்கள்.

"அப்ப பிள்ளை கலியாணம் கட்டினாப் பிறகு தாய் தேப்பனுக்கு வருத்தம் வராதெண்டு நினைக்கினம்," என்றார் பஞ்சலிங்கம்.

"அப்பா, உது கொம்பனிச் சட்டம்," என்றாள் நிரோஜா.

அவளுக்குக் கலியாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை ஜெயசுதன், கரவெட்டி. ரவுணில் ஒரு தொலைபேசிக் கொம்பனியின் கிளையில் வேலை. தகப்பன் இல்லை, தாய் மீனாம்பிகைக்கு ஒரே பிள்ளை. அவனும் நிரோஜாவும் மத்தியானச் சாப்பாட்டுக் கடையில் ஒருவரையொருவர் ஒரு வருடத்துக்கு மேலாகத் தெரிந்திருந்தார்கள். ஆனாலும் பேசிச் செய்கிற கலியாணமாக இருக்கவேண்டும் என்று, இளைப்பாறிய தபாலதிபர் தியாகலிங்கத்தாரைத் தரகராகப் பிடித்து, சாதகம் கொடுத்து, பொருத்தம் பார்த்து, எல்லாம் முறையாக நடந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு மீனாம்பிகை நிரோஜாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். எவ்வளவு பட்சமான மனிசி என்று அருந்ததிக்குக் கண் கலங்கிவிட்டது.

தாலி கட்டுவதைத் தையில் வைக்கலாம், எழுத்தை ஆவணியிலேயே முடித்துவிடுவோம் என்றார் தியாகலிங்கத்தார். எழுத்தென்றால் பதிவு. பதிவாளர் வீட்டுக்கு வருவார், இரண்டு பேரும் கையெழுத்து வைப்பார்கள், பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்த நிமிசத்திலிருந்து சட்டப்படி புருசன் பெண்சாதி.

அந்த நிமிசத்திலிருந்து பஞ்சலிங்கத்தின் குடலுக்கு ஆளில்லை. இதை முதலில் கண்டுபிடித்தது அருந்ததி.

"ஒப்பிரேசன் முடியுமட்டும் எழுத்து வைக்கேலாது," என்றாள்.

"அதை அவையளுக்குச் சொல்லுவம்."

"என்னண்டு சொல்லுறது? மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு, பொம்பிளையின்ரை தேப்பனுக்கு உந்த இடத்திலை வருத்தமெண்டு சொல்லுறதோ?"

அருந்ததி சாத்திரியாரிடம் போனாள். நல்ல நாள் கேட்கப் போகவில்லை. நல்ல நாள் இல்லையென்று சொல்லச் சொல்லிக் கேட்கப் போனாள். சாத்திரியார் பஞ்சாங்கத்தைத் திருப்பினார். ஆவணியில் ஒரு குற்றம் இருந்தது. புரட்டாதி எப்படியும் சரிவராது. ஐப்பசியில் வியாழன் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.

தியாகலிங்கத்தார் இந்தச் செய்தியோடு கரவெட்டிக்குப் போனார். சண்டை வரும் என்று எதிர்பார்த்து, வழியில் நெல்லியடியில் ஒரு தேத்தண்ணி குடித்துத் தன்னைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனார். மீனாம்பிகை கேட்டுவிட்டு, "எங்கடை சாத்திரியாரும் உதைத்தான் சொன்னவர்," என்றாள். தியாகலிங்கத்தார் எத்தனையோ சம்பந்தம் செய்துவைத்தவர். இரண்டு பக்கத்துச் சாத்திரிமாரும் ஒத்துப்போனதை அன்றைக்குத்தான் கண்டார். அது அவருக்கு நல்லதாகப் படவில்லை.

நாள் தள்ளிப்போட்டாயிற்று என்றதும் பஞ்சலிங்கத்தை ரவுணில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னேரம். வரவேற்கிற இடத்தில் ஒரு பிள்ளை எழும்பி நின்று வணக்கம் சொன்னாள். தனக்குப் பின்னால் வருகிற யாருக்கோ சொல்கிறாள் என்று அவர் விலகி வழி விட்டார். உள்ளே போனால் அங்கே இருந்தது அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்த்த அதே டொக்டர்.

"வாங்கோ ஐயா. இருங்கோ. எப்பிடி இருக்கிறியள்? இதிலை படுங்கோ பாப்பம். ஒருக்கா இருமுங்கோ."

பஞ்சலிங்கம் இருமினார். இந்த முறை முழுதாக இருமி முடிக்க நேரம் இருந்தது. நாங்கள் முதலே கண்டிருக்கிறோம் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் அந்த மனிசனுக்குச் சங்கடமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

காப்புறுதி இருக்கிறது என்றதும் சோதனைகள் தொடங்கின. இரத்தம் எடுத்தார்கள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். நெஞ்சில் வயர் பூட்டி எடுத்த கோடுகளில் ஒரு கோடு மற்றக் கோடுகளைப் போல இல்லையாம். அதற்கு இருதய டொக்டர் வரவேண்டும். அவர் கொழும்பிலிருந்து கிழமைக்கு ஒருமுறைதான் வருவார், ஆகவே தங்கி நில்லுங்கள் என்றார்கள். தனி அறை. ரீவி இருந்தது, குளிரூட்டி இருந்தது, மூலையில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் இருந்தது. அதற்குள் வைக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. சும்மா குளிர்ந்துகொண்டிருக்கிறதே என்று வெற்றிலைச் சரையை எடுத்து உள்ளே வைத்தார். இருதய டொக்டர் வந்தார். இன்னும் ஒரு ஸ்கான் எடுக்கச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு வேறொன்று எடுக்கச் சொன்னார்.

கடைசியில் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஐயா, உங்கடை இருதயம் நாப்பது வயசுக்காரன்ரை இருதயம்."

அடுத்தநாள் காப்புறுதி அலுவல் பார்க்கிற பிள்ளை வந்து, இந்த வருடத்துக்குரிய காப்புறுதி சோதனைகளோடு முடிந்துவிட்டது, இனித் தை பிறந்தால்தான் புதிதாகத் தொடங்கும் என்று இதமாகச் சொன்னாள். நோயாளிகளின் கருத்தை அறிய ஒரு தாளும் நீட்டினாள். கவனிப்பு எப்படி என்று கேட்டிருந்தது. பஞ்சலிங்கம் 'மிக நன்று' என்றதில் புள்ளடி போட்டார். பிறகு அடிவயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு, குடல் முதல் இருந்த மாதிரியே இருக்க, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார்.

அருந்ததி மறுபடியும் சாத்திரியாரிடம் போனாள். கார்த்திகையிலும் குற்றம் இருந்தது. மார்கழியில் ஒருவரும் கேட்பதில்லை. தியாகலிங்கத்தார் மறுபடியும் கரவெட்டிக்குப் போனார். "தைக்குப் பிறகெண்டால் எங்களுக்கும் வசதிதான்," என்றாள் மீனாம்பிகை, கொஞ்சம் அவசரமாகவே.

நிரோஜா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "அவையள் பின்னடிக்கினம் அம்மா. நாங்கள் நாள் தள்ளினால் ஒரு வார்த்தை ஏனெண்டு கேக்க வேண்டாமோ? சுதனைக் கேட்டால் அவரும் வேறை கதை கதைக்கிறார்."

"நீ அவருக்கு அப்பான்ரை விசயம் சொன்னனியோ?"

"அதை நான் என்னண்டு சொல்ல?"

பஞ்சலிங்கம் அறைக்கு வெளியே நின்று இதைக் கேட்டார். பிள்ளையின் கலியாணம் குழம்பினால் அது தன்னால்தான் என்று அவருக்குப் பட்டது. அன்றைக்குப் பின்னேரம் தோட்டத்தில் நின்று, இதை இப்படியே விட்டால் என்ன, எழுத்தை வைத்துவிட்டு வைகாசி மட்டும் பொத்திக்கொண்டு திரிந்தால் என்ன என்று யோசித்தார். அப்படிச் சொல்லவும் செய்தார். அருந்ததி அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

அவருடைய தோட்டத்தில் புல்லுப் பிடுங்கப் பூரணம் என்றொரு பெண் வருவாள். பக்கத்துக் குறிச்சி. புருசன் இல்லை, மகள் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. பூரணத்துக்கும் அவருக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அவள் அவரை 'ஐயா' என்பாள், அவர் அவளைப் 'பூரணம்' என்பார். அது அவர்களின் தாய் தகப்பன் காலத்தில் இருந்தே அப்படி. பூரணத்துக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம் மூடிக்கொண்டு வந்தது. புல்லெது பயிரெது என்று தடவித்தான் பிடுங்குவாள். இடைக்கிடை வெங்காயமும் வரும். பஞ்சலிங்கம் கண்டும் காணாததுபோல அதைத் திரும்ப ஊன்றிவிடுவார். அவளுக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் திகதி கொடுத்திருந்தார்கள். கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலமை வடகிழக்கில் மழை கறுத்துக்கொண்டு வந்தது. தண்ணி இறைக்கிற மிசின் கிணற்றடியில் மூடாமல் நின்றது. கொட்டிலுக்குள் தூக்கி வைக்க ஒரு ஆள் வரட்டும் என்று பஞ்சலிங்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். முதல் துளி விழுந்ததும் தனியத் தூக்கினார். நாலடி நடந்திருப்பார், அடிவயிற்றில் யாரோ கயிறு போட்டு இறுக்கியது போல இருந்தது. மிசினைக் கவனமாக நிலத்தில் வைத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தார். கையால் தள்ளினார். அது போகவில்லை. கல்லுப் போல இருந்தது. வயிற்றில் இருந்ததெல்லாம் சத்தியாக வெளியே வந்தது.

பூரணம் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கிற ஆள். துவாய், சவர்க்காரம், கோப்பை எல்லாம் ஒரு பையில் போட்டு, தோய்த்த சீலை உடுத்து, பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவோம் என்று தோட்டத்துக்குள் வந்தாள். நிலத்தில் கிடப்பதை முதலில் உரச் சாக்கு என்றுதான் நினைத்தாள். சாக்கு முனகியது.

அவள் போட்ட சத்தத்தில் அருந்ததி ஓடி வந்தாள். பூரணம் றோட்டுக்கு ஓடி, சத்தம் வந்த பக்கம் கையைக் காட்டி, ஒரு ஓட்டோவை மறித்தாள். அவரை ஒரு பக்கம் அருந்ததி பிடிக்க, மற்றப் பக்கம் பிடிக்க ஆள் வேண்டியிருந்தபடியால் பூரணமும் ஏறினாள். நிரோஜா தொலைபேசியில் அழுதுகொண்டு, தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னாள். கொண்டு போனார்கள். அங்கே வரவேற்கிற பிள்ளை எழும்பி வணக்கம் சொன்னாள். ஒரு இளம் டொக்டர் வந்து தொட்டுப் பார்த்து முகம் மாறினார். குடல் முறுகி இரத்த ஓட்டம் நின்றிருக்கலாம், இப்படி ஆபத்தான கேசை இங்கே செய்ய வசதி இல்லை, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார். ஓட்டோ இன்னும் வாசலிலேயே நின்றது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் திகதி எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. தள்ளுகட்டிலில் போட்டு ஓட்டமாகக் கொண்டு போனார்கள். கதவடியில் அதே டொக்டர் கையுறை போட்டுக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் 'படு' என்றும் சொல்லவில்லை, 'படுங்கோ ஐயா' என்றும் சொல்லவில்லை. இருமவும் சொல்லவில்லை. "எத்தினை மணிக்குத் தொடங்கினது?" என்று மட்டும் கேட்டார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குடல் தப்பியது. இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் வெட்டி எறிய வேண்டி வந்திருக்கும் என்று பிறகு தாதி சொன்னாள்.

மாரி தொடங்கி டெங்கும் பரவியிருந்த நேரம். வாட்டில் கட்டில் இல்லை. இரண்டு கட்டிலுக்கு இடையில் நிலத்தில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். பக்கத்துக் கட்டிலில் மயிலிட்டிக் கடற்றொழிலாளி கனிசியஸ், வள்ளத்தில் வழுக்கி விழுந்து விலா முறிந்தவர். "அண்ணை, நீங்கள் மேலை வாங்கோ, நான் கீழை கிடக்கிறன்," என்றார். எழும்ப முயன்றார், முடியவில்லை. இருவரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

இரண்டாம் நாள் பார்வையாளர் நேரத்தில் மீனாம்பிகை வந்தாள். ஜெயசுதன் வெளியே மோட்டார் சைக்கிளை நிற்பாட்ட இடம் தேடிக்கொண்டிருந்தான். மீனாம்பிகை தோடம்பழப் பையோடு நேரே போய்க் கனிசியஸின் கட்டிலில் குந்தினாள். அவருடைய கையைப் பிடித்தாள்.

"அண்ணை, என்ன இப்பிடி மெலிஞ்சு கறுத்துப் போனியள்? எனக்குச் செய்தி கேட்ட நேரம் தொடக்கம் பச்சைத் தண்ணி இறங்கேல்லை."

கனிசியஸ் இந்த அம்மாவை வாழ்க்கையில் கண்டதில்லை. ஆனால் அவரைப் பார்க்க அதுவரை ஒருவரும் வந்திருக்கவில்லை. "பரவாயில்லை தங்கச்சி, இப்ப கொஞ்சம் சுகம்," என்றார். பழத்தையும் வாங்கிக்கொண்டார்.

"பிள்ளையளின்ரை எழுத்தைப் பற்றி ஒண்டும் யோசியாதேங்கோ," என்றாள் மீனாம்பிகை.

கனிசியஸ் யோசிக்கவில்லை என்று உறுதி சொன்னார்.

"தங்கச்சி," என்றார் பஞ்சலிங்கம் நிலத்திலிருந்து. "நான் இஞ்சை கீழை."

மீனாம்பிகை குரல் வந்த பக்கம் குனிந்தாள். மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்துதான் அவரைக் கண்டாள். அருந்ததி சுவரோடு நின்று இதையெல்லாம் பார்த்தாள். பெண் பார்க்க வந்த நாளும் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"உங்களுக்குக் கண் தெரியேல்லையே?" என்றாள்.

மீனாம்பிகை பாயின் ஓரத்தில் இருந்துவிட்டாள். பிறகு சொன்னாள். இரண்டு கண்ணும் மூடிக்கொண்டு வருகிறது. மகனின் கொம்பனியிலும் அதே சட்டம்தான், கலியாணம் கட்டாத மட்டும் தாய்க்குக் காப்புறுதி. சித்திரையில் டெங்குக் காய்ச்சல் வந்து தனியாரில் கிடந்ததில் இந்த வருடத்துக்குரியது முடிந்துவிட்டது. தை பிறந்ததும் கண்ணைச் செய்துவிட்டுத்தான் எழுத்து என்று நினைத்திருந்தாள். வெளியே சொன்னால் பரம்பரை வருத்தம், பேரப்பிள்ளைக்கும் வரும் என்று சம்பந்தத்தைக் குழப்பிவிடுவார்கள் என்று பயந்தாள்.

"நீங்களாவது ஏன் ஒளிச்சனீங்கள் அண்ணை?"

பஞ்சலிங்கம் போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். "இடம் அப்பிடித் தங்கச்சி."

கனிசியஸுக்குச் சிரிப்பு வந்தது. முறிந்த விலாவோடு சிரிக்கக் கூடாது. சிரித்துவிட்டு 'ஐயோ மாதாவே' என்று அழுதார். அதைப் பார்த்து அருந்ததி சிரிக்க, மீனாம்பிகை சிரிக்க, பஞ்சலிங்கம் தையலைப் பொத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜெயசுதனும் நிரோஜாவும் ஒன்றாக வாட்டுக்குள் வந்தபோது நாலு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நிலைமை மோசமாக்கும் என்று நிரோஜா கதவடியிலேயே நின்றுவிட்டாள்.

முதலில் கண், பிறகு எழுத்து என்று அந்தப் பாயிலேயே முடிவாயிற்று. தியாகலிங்கத்தாருக்கு அறிவித்தார்கள். சாத்திரிமாரை ஒருவரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி விட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் பஞ்சலிங்கம் பூரணத்தைப் பற்றிக் கேட்டார். "அவளின்ரை கண் என்ன மாதிரி?"

அருந்ததி கறி கிளறிக்கொண்டே சொன்னாள். "அவள் எங்கை செய்தவள்? உங்களை ஒப்பிரேசனுக்கு உள்ளை எடுக்குமட்டும் என்னோடைதான் நிண்டவள். பேந்து ஓடிப்போய்க் கேட்டாள். பதிஞ்சு முடிஞ்சுதாம். திருப்பித் திகதி குடுத்திருக்கினம், ஆடியிலை."

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"அவள்தான் சொல்ல வேண்டாமெண்டவள்."

பஞ்சலிங்கம் சாப்பிட்டு முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, நிரோஜாவைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, எழுத்து வைக்கிறதுக்குள்ளை பூரணத்தையும் உன்ரை காப்புறுதியிலை போடேலாதோ? தாய் எண்டு."

"அப்பா, அம்மா உயிரோடை இருக்கிறா."

"தாயின்ரை தங்கச்சி எண்டு?"

"அப்பிடியொரு இடம் அதிலை இல்லையப்பா."

அவர் அதோடு விடவில்லை. வைகாசியில் அவருடைய பழைய திகதி வந்தது. குடல் திருத்தியாகிவிட்டது என்றாலும் கிளினிக்குக்குப் போய் வரிசையில் இருந்தார். முறை வந்ததும், தனக்கு இந்த இடம் தேவையில்லை, இதைப் பூரணம் என்ற ஆளுக்குக் கொடுக்க ஏலுமோ என்று கேட்டார். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்தார்.

"ஆளுக்கு என்ன வருத்தம்?"

"கண்."

"ஐயா, இது வயிறு."

அதற்கு முன்பே, தையில் மீனாம்பிகைக்கு ஒரு கண் செய்தார்கள். கட்டவிழ்த்த அடுத்த கிழமை எழுத்து நடந்தது. அவள் நிரோஜாவைத் தள்ளி நிறுத்தி வைத்துத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "இவ்வளவு உயரமே பிள்ளை!" என்றாள். பதிவாளர் பலகாரம் சாப்பிட்டார். அடுத்த மாதமே இரண்டு கொம்பனியும் சட்டப்படி அலுவல் பார்த்தன. நிரோஜாவின் காப்புறுதியில் பஞ்சலிங்கத்தையும் அருந்ததியையும் வெட்டி ஜெயசுதனைப் போட்டார்கள். ஜெயசுதனின் காப்புறுதியில் மீனாம்பிகையை வெட்டி நிரோஜாவைப் போட்டார்கள். இப்போது பிள்ளைகள் இருவரும் ஆளுக்கு இரண்டு காப்புறுதியோடு நல்ல சுகமாக இருக்கிறார்கள். மீனாம்பிகை தன் மற்றக் கண்ணுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் பதிந்திருக்கிறாள்.

ஆடி வந்தது. அந்தக் காலமை பஞ்சலிங்கம் ஓட்டோ பிடித்துக்கொண்டு பூரணத்தின் படலையில் போய் நின்றார். "உங்களுக்கேன் ஐயா வீண் அலைச்சல், நான் பஸ்ஸிலை போவன்," என்று அவள் இரண்டு முறை சொன்னாள். அவர் பையை வாங்கி உள்ளே வைத்தார். ஆஸ்பத்திரியில் கண் பகுதி வரிசை கட்டிடத்தைச் சுற்றிப் போயிருந்தது. அவளை நிழலில் இருத்திவிட்டு அவர் வரிசையில் நின்றார். பக்கத்தில் நின்ற ஒருவர் பிள்ளைகள் கனடாவில் என்றார். இன்னொருவர் அரசியல் கதைத்தார். பஞ்சலிங்கம் இரண்டுக்கும் தலையாட்டினார்.

பெயர் கூப்பிட்டதும் பூரணத்தின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் தாதி மறித்தாள்.

"உள்ளை சொந்தக்காரர் ஒராள்தான் வரலாம். நீங்கள் ஆர் ஆளுக்கு?"

"தமையன்," என்றார் பஞ்சலிங்கம்.

பூரணம் அவர் பக்கம் திரும்பினாள். அந்தக் கண்ணால் எவ்வளவு தெரிந்ததோ தெரியாது. தாதி பிறப்புச் சாட்சிப் பத்திரம் ஒன்றும் கேட்கவில்லை.

"செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ," என்றாள்.

இரண்டு பேரும் கழற்றினார்கள்.